சிறியது என்றால் மலிவா? மாதிரி ரயில் கற்றுத்தந்த விகிதப் பாடம்

எட்டாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டுக்காக ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். "1:80 அளவில் ஒரு மாதிரி ரயில் செய்ய 800 ரூபாய் செலவாகிறது. அதே ரயிலை 1:160 அளவில் செய்ய எவ்வளவு செலவாகும்?" நேர் மாறலும் எதிர் மாறலும் நடத்தி முடித்திருந்த வாரம் அது. வகுப்பில் இருந்த 34 பேரில் 33 பேர் '400 ரூபாய்' என்று எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரே ஒரு மாணவி மட்டும், "சொல்ல முடியாது. 800 ரூபாய்க்கு மேலேயும் ஆகலாம்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் எழுந்து நின்றாள். "இல்லைங்க டீச்சர். எங்கப்பா தையல்காரருங்க. பெரியவங்களுக்குத் தைக்கிற சட்டைல பாதி அளவுதான் சின்னப் பையன் சட்டை. ஆனா கூலி பாதி வாங்க மாட்டாருங்க. துணிதான் கம்மியாகும். காலர், காஜா, பொத்தான் எல்லாம் அதே எண்ணிக்கைதானுங்க. சின்னதுல வளைச்சுத் தைக்கிறதுதான் கஷ்டம்னு சொல்லுவாருங்க."

நான் சிரித்தபடியே, "அது தையல் கடைம்மா, இது கணக்கு. உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். பள்ளிக் கண்காட்சி முடிவதற்குள் அவள் சொன்னதே சரி என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்த மூன்று வாரங்களில் வகுப்பில் நடந்ததைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாதிரி ரயில் என்னும் பொழுதுபோக்கு

எங்கள் பள்ளி மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலை ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என்பதால், கணிதக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, "ஊட்டி ரயில் டீச்சர்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதற்காக நான் மாதிரி ரயில்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கணித ஆசிரியருக்கு இதில் ஒரு புதையலே இருக்கிறது.

ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் மாதிரி ரயில் பெரியவர்களும் விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு. உண்மையான ரயிலைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, மின்சாரத்தில் ஓடும் இன்ஜின், பெட்டி, தண்டவாளம், நிலையம், வீடு, மரம் என்று எல்லாவற்றையும் ஒரு மேசை மேல் அமைப்பார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற கண்காட்சி முழுவதும் இப்படிப்பட்டதே. அதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள்.

ஒரு நிறுவனத்தின் இன்ஜின் வேறொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓட வேண்டுமானால் அளவுகள் பொதுவாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் தண்டவாள அகலங்களுக்கு எண்களைப் பெயராக இட்டது. எண் குறையக் குறைய அகலமும் குறையும். ஒன்றைவிடச் சிறிய அளவு வந்தபோது அதற்குச் 'சுழியம்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தச் சுழியம் 'ஓ' என்ற எழுத்தாகிவிட்டது. பிறகு அதில் பாதி அளவு வந்தது. பாதி ஓ என்பதன் சுருக்கமே இன்று உலகில் அதிகம் பயன்படும் 'எச்.ஓ.' அளவு. பிரிட்டனில் ஓ அளவு 1:43.5; எச்.ஓ. அளவு 1:87. பெயரிலேயே ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது.

முதல் பாடவேளை: பெருக்கிப் பார்த்தால் தெரியும்

கரும்பலகையில் இந்தப் பட்டியலை எழுதினேன். முதலில் அளவின் பெயர், அடுத்து அளவுத்திட்டம், கடைசியில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்.

ஜி – 1:22.5 – 45 மி.மீ.
ஒன்று – 1:32 – 45 மி.மீ.
ஓ (ஜெர்மனி) – 1:45 – 32 மி.மீ.
ஓ.ஓ. (பிரிட்டன்) – 1:76 – 16.5 மி.மீ.
எச்.ஓ. – 1:87 – 16.5 மி.மீ.
டி.டி. – 1:120 – 12 மி.மீ.
என் – 1:160 – 9 மி.மீ.
இசட் – 1:220 – 6.5 மி.மீ.

உலகின் பல நாடுகளில் உண்மையான ரயில் பாதையின் அகலம் 1,435 மி.மீ. அதை 'ஸ்டாண்டர்டு கேஜ்' என்பார்கள். நம் நாட்டின் பிராட் கேஜ் 1,676 மி.மீ., மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. "ஒவ்வொரு வரியிலும் அகலத்தை அளவுத்திட்ட எண்ணால் பெருக்குங்கள். எந்த ரயில் பாதையின் மாதிரி அது என்று கண்டுபிடியுங்கள்" என்றேன்.

எச்.ஓ. அளவில் 16.5 × 87 = 1,435.5. என் அளவில் 9 × 160 = 1,440. இசட் அளவில் 6.5 × 220 = 1,430. எல்லாம் ஸ்டாண்டர்டு கேஜுக்கு மிக அருகில் வந்ததும் வகுப்பில் உற்சாகம் ஏறியது. இரண்டு வரிகள் மட்டும் ஒத்துவரவில்லை.

முதலாவது ஓ.ஓ. அளவு. 16.5 × 76 = 1,254. "டீச்சர், தப்பா எழுதிட்டீங்க" என்றார்கள். தப்பில்லை, அது வரலாறு. பிரிட்டனின் ரயில் இன்ஜின்கள் உடலளவில் சிறியவை. 1:87 அளவில் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே இன்ஜினின் உடலை மட்டும் 1:76 அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை எச்.ஓ. அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். இன்றும் பிரிட்டனில் அதிகம் பயன்படுவது இந்த ஒத்துவராத அளவுதான்.

இரண்டாவது ஜி அளவு. 45 × 22.5 = 1,012.5. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் குதித்து எழுந்தான். "ஆயிரம் மில்லிமீட்டர்! மீட்டர் கேஜ்! நம்ம ஊட்டி ரயில் டீச்சர்!" ஆம். 1968-இல் ஜெர்மனியில் வந்த எல்.ஜி.பி. என்ற ரயில் வகை, மீட்டர் கேஜ் மலை ரயில்களை மாதிரியாக்குவதற்கென்றே இந்த அளவைப் பிரபலப்படுத்தியது. நீலகிரி மலை ரயிலும் அதே அகலம். அந்தப் பெருக்கல் விடையை அந்த வகுப்பு மறக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 160 என்பது 87-ஐவிடப் பெரிய எண். ஆகவே 1:160 மாதிரிதான் பெரியது என்று பாதிப் பேர் நினைப்பார்கள். நிலவரைபடத்தில் 1:50,000, 1:2,50,000 என்று வரும்போதும் இதே குழப்பம் வரும். 1/160 என்று பின்னமாக எழுதச் சொன்னால் தெளிந்துவிடும்.

இரண்டாம் பாடவேளை: நீளம், பரப்பு, கனஅளவு

ஒரு நீளமான பயணிகள் பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர். மாதிரியில் அதன் நீளம் என்ன? ஜி அளவில் 107 செ.மீ., எச்.ஓ. அளவில் 27.6 செ.மீ., என் அளவில் 15 செ.மீ., இசட் அளவில் 11 செ.மீ. சாக்பீஸால் தரையில் நான்கு கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வரையச் சொன்னேன். எண்களாகப் பார்த்ததைவிடக் கோடுகளாகப் பார்த்தபோது அளவின் வேறுபாடு சட்டென்று புரிந்தது.

அடுத்து மேட்டுப்பாளையம் முதல் உதகை வரையுள்ள 46 கி.மீ. பாதை முழுவதையும் மாதிரியாகச் செய்தால் எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன். எச்.ஓ. அளவில் 529 மீட்டர். மிகச் சிறிய இசட் அளவில்கூட 209 மீட்டர், அதாவது எங்கள் விளையாட்டு மைதானத்தைவிட நீளம். அதனால்தான் மாதிரி ரயில் செய்பவர்கள் வாகனங்களை மட்டும் சரியான விகிதத்தில் செய்கிறார்கள். இரண்டு ஊருக்கு இடையிலுள்ள தூரத்தைத் தங்கள் மேசைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

பிறகு எச்.ஓ.வையும் என் அளவையும் ஒப்பிட்டோம். 160 ÷ 87 = 1.84. எச்.ஓ. பெட்டி என் பெட்டியைப்போல நீளத்தில் 1.84 மடங்கு. பரப்பில் 1.84 × 1.84 = ஏறத்தாழ 3.4 மடங்கு. கனஅளவில் இன்னொரு முறை பெருக்க, ஏறத்தாழ 6.2 மடங்கு. அதாவது என் அளவு இன்ஜின் அடைக்கும் இடம் எச்.ஓ. இன்ஜின் அடைக்கும் இடத்தில் ஆறில் ஒரு பங்குதான்.

"அப்படியானால் விலையும் ஆறில் ஒரு பங்குதானே?" என்று வேண்டுமென்றே கேட்டேன். இந்த முறை யாரும் உடனே தலையாட்டவில்லை. தையல்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விலை ஏன் அளவோடு சுருங்குவதில்லை?

மாதிரி ரயில் கடைகளில் எச்.ஓ. இன்ஜினும் என் அளவு இன்ஜினும் ஏறத்தாழ ஒரே விலை அடுக்கில்தான் இருக்கும். காரணங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பட்டியலிட்டோம்.

பிளாஸ்டிக்கும் உலோகமும் விலையில் ஒரு சிறு பங்குதான். உடல் வார்க்கும் எஃகு அச்சைச் சிறியதாகச் செதுக்குவது எளிதான வேலை அல்ல, நுணுக்கம் கூடும். மோட்டார், பல்சக்கரம், சக்கரம், விளக்கு ஆகியவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட வேண்டிய எழுத்துகளும் அதே எண்ணிக்கைதான். எழுத்து மட்டும் சிறிதாகும். ஒன்றாகப் பொருத்தும் தொழிலாளியின் கைக்கு வேலை குறைவதில்லை. "அதைத்தானுங்க டீச்சர் நான் காஜான்னு சொன்னேன்" என்றாள் அந்த மாணவி.

இன்னொரு காரணம் எதிர் மாறல். அச்சு செய்யும் செலவை விற்கும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பாடத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொண்டோம். அச்சுச் செலவு 10,00,000 ரூபாய். 10,000 இன்ஜின் விற்றால் ஒன்றுக்கு 100 ரூபாய் சுமை. 2,000 இன்ஜின் மட்டும் விற்றால் ஒன்றுக்கு 500 ரூபாய் சுமை. எச்.ஓ. அளவை வாங்குவோர் உலகில் மிக அதிகம். தயாரிக்கும் நிறுவனங்களும் அதிகம். போட்டி இருப்பதால் தொடக்கநிலைப் பெட்டிகள் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. இசட் அளவு 1972-இல் மார்க்லின் கொண்டுவந்தது. அதைத் தயாரிப்பவர்களும் வாங்குபவர்களும் குறைவு. எனவே உள்ளங்கையில் அடங்கும் அந்த இன்ஜின் அளவைப் பார்த்து நாம் எதிர்பார்க்கும் விலையில் கிடைப்பதில்லை. மறுபக்கம் ஓ, ஜி போன்ற பெரிய அளவுகளில் பொருளும் அதிகம், வாங்குவோரும் குறைவு, விலை ஏறிவிடும்.

விலையை வரைபடமாக வரைந்தால் நேர்கோடு வராது. நடுவில் தாழ்ந்து இரண்டு ஓரங்களிலும் உயரும் ஒரு வளைவுக்குப் பக்கத்தில் வரும். 'ஒன்று குறைந்தால் மற்றதும் அதே விகிதத்தில் குறையும்' என்று பழகிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வளைவைப் பார்ப்பதே புதிது.

மூன்றாம் பாடவேளை: எது மாறாமல் இருக்கிறது?

இனித்தான் பாடத்தின் மையம். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்தேன். இரண்டுக்கும் ஒரே விலைப் பட்டியல். இவை கடை விலை அல்ல, கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்ட அலகுகள். எச்.ஓ. இன்ஜின் 100, பெட்டி 30, வீடு 10. என் அளவில் எல்லாம் சற்றே மலிவு: இன்ஜின் 90, பெட்டி 27, வீடு 8. தண்டவாளம் இரண்டுக்கும் மீட்டருக்கு 5.

எச்.ஓ. மேசையில் 1 இன்ஜின், 4 பெட்டி, 20 வீடு, 6 மீட்டர் தண்டவாளம். செலவு 100 + 120 + 200 + 30 = 450 அலகு.

முதல் குழுவுக்கான கேள்வி: "அதே ஊரை என் அளவில் செய்தால் எவ்வளவு?" வீடும் பெட்டியும் எண்ணிக்கையில் மாறாது. தண்டவாளம் மட்டும் 3.26 மீட்டராகச் சுருங்கும். 90 + 108 + 160 + 16 = 374 அலகு. 17 விழுக்காடு மிச்சம். நேர் மாறலை அப்படியே போட்டிருந்தால் 245 அலகு என்று வந்திருக்கும். அது தவறு.

இரண்டாம் குழுவுக்கான கேள்வி: "அதே மேசையை என் அளவில் நிரப்பினால் எவ்வளவு?" பரப்பு 3.4 மடங்கு என்பதால் 20 வீடு இருந்த இடத்தில் 68 வீடு வரும். ஐந்து எச்.ஓ. வாகனங்கள் நின்ற 138 செ.மீ. நீளத்தில் என் அளவு வாகனங்கள் ஒன்பது நிற்கும். ஓர் இன்ஜின், எட்டுப் பெட்டி. ஒரு பாதை இருந்த அகலத்தில் இரண்டு பாதை போடலாம். 12 மீட்டர் தண்டவாளம். 90 + 216 + 544 + 60 = 910 அலகு. இரண்டு மடங்குக்கு மேல்!

இரண்டு குழுவும் விடையைப் பலகையில் எழுதியதும் சண்டை வந்துவிட்டது. "நீங்க தப்பு", "நீங்கதான் தப்பு." கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தேன். பிறகு ஒரு பையன் மெல்லச் சொன்னான்: "டீச்சர், அவங்களுக்கு ஊரு மாறல. எங்களுக்கு மேசை மாறல."

பல ஆண்டுகளாக விகிதம் நடத்துகிறேன். நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. எது மாறாமல் இருக்கிறது என்று சொல்லாத விகிதக் கணக்கு அரைகுறைக் கணக்கு. 'பத்து ஆள் ஆறு நாள்' கணக்கில்கூட 'எல்லாரும் ஒரே வேகத்தில் வேலை செய்கிறார்கள்' என்பது மறைந்திருக்கும் நிபந்தனை. நாம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை.

கடைசியாக, கடையின் விலைச்சீட்டில் வராத ஒரு செலவையும் பேசினோம். அது இடம். தொடக்கநிலையில் எச்.ஓ. வட்டப் பாதைக்கு 18 அங்குல ஆரம் வேண்டும். விட்டம் 91 செ.மீ. என் அளவில் 9¾ அங்குல ஆரம் போதும். விட்டம் 50 செ.மீ. ஜி அளவில் மிகச் சிறிய வட்டத்துக்கே 60 செ.மீ. ஆரம் வேண்டும். கயிறும் சாக்பீஸும் வைத்து முற்றத்தில் மூன்று வட்டம் போட்டோம். வீடுகள் சிறியவையாக இருக்கும் ஜப்பானில் என் அளவு பெரிதும் விரும்பப்படுவதற்கான காரணம் அப்போது தானாகவே விளங்கியது. ஜி அளவைப் பலர் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டுவதற்கும் இதுவே காரணம்.

எங்கள் அட்டை ரயில்

கண்காட்சிக்கு நாங்கள் விலை கொடுத்து ஒரு மாதிரி ரயிலும் வாங்கவில்லை. அட்டையில் செய்தோம். பெட்டியின் நீளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு ஒரு குழு 1:20 அளவிலும், மற்றொரு குழு 1:40 அளவிலும் செய்தது. இரண்டு குழுவுக்கும் 180 செ.மீ. நீளமுள்ள ஒரே அளவு மேசை. செலவை நோட்டில் எழுதி வர வேண்டும் என்பது நிபந்தனை.

1:20 குழுவின் ரயிலில் ஓர் இன்ஜினும் இரண்டு பெட்டியும். சக்கரத்துக்குச் சோடா மூடிகளைப் பெட்டிக்கடையில் கேட்டு வாங்கி வந்தார்கள், காசு இல்லை. அட்டை 140, பசை 40, வண்ணம் 60. மொத்தம் 240 ரூபாய். நான்கு மாலைகளில் வேலை முடிந்தது.

1:40 குழுவின் ரயிலில் ஓர் இன்ஜினும் ஐந்து பெட்டியும். மூடி பொருந்தவில்லை, பெரியதாக இருந்தது. 48 சட்டைப் பொத்தான் வாங்கினார்கள். சன்னலுக்கு வண்ணம் தீட்ட மெல்லிய தூரிகை தேவைப்பட்டது. மேசையில் இடம் காலியாக இருக்க, பன்னிரண்டு வீடும் ஒரு கோயிலும் எழும்பின. காலி இடத்தைப் பிள்ளைகள் விட்டுவைப்பார்களா? அட்டை 110, பசை 70, வண்ணம் 60, தூரிகை 40, பொத்தான் 48. மொத்தம் 328 ரூபாய். வேலை முடிய ஏழு மாலைகள் ஆயின.

அட்டைச் செலவு மட்டும் குறைந்தது. மற்றவை நின்றன அல்லது கூடின. துணி கம்மி, தையல் அதேதான்.

கண்காட்சிக்கு மறுநாள் அந்த மாணவியின் பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். என் பெருக்கல் குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்தில், "கேள்வி முழுமையாக இல்லை. தவறு என்னுடையது" என்று எழ்தி வகுப்பின் முன் வாசித்தேன். '400' என்று எழுதிய 33 பேரின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. நான் கற்றுத்தந்ததைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். அவள் தாளை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்டக் காட்டணுங்க டீச்சர்" என்றாள்.

சக ஆசிரியர்களுக்கு

இந்தப் பாடத்துக்கு ரயில் அவசியமில்லை. மலை ரயில் ஓடாத ஊரில் பேருந்து, தேர், கட்டுமரம் என்று உள்ளூரில் இருக்கும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். வகுப்புக்கு ஏற்றபடி இப்படிப் பிரிக்கலாம்.

தொடக்க வகுப்புகளில் தீப்பெட்டி ரயில் செய்யலாம். இரண்டு மடங்கு நீளமான பெட்டி செய்ய எத்தனை தீப்பெட்டி வேண்டும் என்று அடுக்கிப் பார்க்கட்டும். இரண்டு போதும் என்று தொடங்குவார்கள். உயரமும் அகலமும் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் எட்டு வேண்டும் என்று தாங்களே காண்பார்கள்.

ஆறு, ஏழாம் வகுப்புகளில் அகலத்தையும் அளவுத்திட்டத்தையும் பெருக்கி ஒப்பிடும் பயிற்சி போதும். ஓ அளவு பிரிட்டனில் 1:43.5, ஜெர்மனியில் 1:45, அமெரிக்காவில் 1:48. தண்டவாளம் மூன்றிலும் 32 மி.மீ. எந்த நாட்டின் அளவு 1,435-க்கு மிக அருகில் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

எட்டாம் வகுப்பில் மேலே சொன்ன இரண்டு குழுக் கணக்கைச் செய்யலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வடிவொத்த உருவங்களின் பரப்பு, கனஅளவு விகிதங்களுக்கு இதையே எடுத்துக்காட்டாக வைக்கலாம். சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நிலவரைபட அளவையோடும், நிலையான செலவு, மாறும் செலவு என்ற பொருளாதாரக் கருத்தோடும் இணைக்கலாம்.

பொருள்களை விலைக்கு வாங்கி வரும்படி பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். பழைய அட்டை, மூடி, பொத்தான் போதும். செலவுக் கணக்கை மட்டும் ஒருநாளும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். பாடம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

விகிதக் கணக்கு எதைக் கொடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். எது மாறுகிறது? எது மாறாமல் இருக்கிறது? இரண்டும் சேர்ந்து ஒரே விகிதத்தில்தான் மாறுகின்றன என்று நமக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாதபோது, 'சொல்ல முடியாது' என்பதும் சரியான விடையே.

அடுத்த முறை விடைத்தாள் திருத்தும்போது, வகுப்பே ஒரு விடையை எழுதியிருக்க, ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேறு ஒன்றை எழுதியிருந்தால், பெருக்கல் குறி போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையை அழைத்து, "ஏன்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்கிறேன்.